தலைமடை அறியாத ஆய்வு

பிறர் உழுது விளைத்த நெல்லைத் தன் களத்தில் கொட்டிக்கொண்டு, 'இஃது என் விளைவு' என்பவனைக் கள்வன் என்கிறோம். பிறர் ஆய்ந்து கண்ட கருத்தைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு, 'இஃது என் ஆய்வு' என்பவனையோ முனைவர் என்கிறோம். முன்னவனுக்குச் சிறை, பின்னவனுக்குப் பட்டம்! இற்றைத் தமிழ்க் கல்வியுலகின் ஒரு பக்கம் இது. கசப்பாக இருப்பினும் இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

எல்லாரையும் இச்சொல்லால் சுடுவது நம் நோக்கமன்று. பழம்பெருங் கல்லூரிகள் நிறைந்த நகரம் திருச்சிராப்பள்ளி. 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியபின், காவிரியின் இருகரை ஊர்களிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த உழவர் மக்களும் உழைப்பாளர் மக்களும் ஆய்வுப் பட்டம் பெற்று வருகின்றனர். அவர்தம் ஏடுகளுள் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தக்கனவும் உள்ளன. ஆயினும், மேற்கோளைச் செம்மையாகக் காட்டும் பழக்கம் நம் மாணவரிடம் இன்னும் வேரூன்றவில்லை. இவர்களுள் கள்ள நெஞ்சத்தோடு பிறர் எழுத்தை எடுப்பவர் சிலரே. எடுத்ததை எடுத்தேன் என்று சொல்லவேண்டும் என்பதையே ஒருவரும் கற்றுக் கொடுக்காமையால் கெடுபவர் பலர். முன்னவர் குற்றவாளிகள், பின்னவர்க்கு நாமே குற்றவாளிகள்.

அடிக்குறிப்பு என்பதை ஏதோ தேர்வாளரை நிறைவுசெய்யும் சடங்கென்றே பலர் எண்ணுகின்றனர். ஏட்டை எழுதி முடித்தபின், தட்டச்சுக்குக் கொடுக்குமுன், இறுதி நாளில் அவசரமாக ஒட்டப்படும் வால் அது என்பது அவர் கருத்து. அன்று! சான்று காட்டுவது எழுத்தின் வாலன்று, முதுகெலும்பு. அஃதில்லாத ஆய்வு நிமிர்ந்து நிற்காது. தமிழைப் பற்றியும் தமிழர் வரலாற்றைப் பற்றியும் நாம் உலகத்தின் முன் வைக்கும் ஒவ்வொரு சொல்லும் இந்த முதுகெலும்பின் வலிமையால்தான் நிற்கவோ விழவோ போகின்றது. இதை நம் கண்முன் உள்ள ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி. இடைப்பட்ட தீவே திருவரங்கம். தீவின் கீழ்க்கோடிக்கு அணித்தே இரண்டு ஆறுகளும் மீண்டும் நெருங்கும் இடத்தில் நிற்பது கல்லணை. 'கல்லணையைக் கட்டியவன் கரிகாலன்' என்று எழுதாத மாணவன் இப்பகுதியில் இல்லை. அதற்குச் சான்றாக அவன் எதைக் காட்டுகின்றான்? பெரும்பாலும் ஒன்றையும் காட்டுவதில்லை. காட்டினால், 'பட்டினப்பாலை கூறுகிறது' என்பான். அல்லது 'சங்க இலக்கியம் கூறுகிறது' என்று பொத்தாம் பொதுவாக முடிப்பான்.

பட்டினப்பாலையை எடுத்துப் பாருங்கள். கரிகாலன் காடு திருத்தி நாடாக்கியதையும், குளங்கள் அமைத்து வளம் பெருக்கியதையும் அந்நூல் பாடுகின்றது. கல்லணை என்ற சொல்லோ, காவிரியின் குறுக்கே அணை எழுப்பிய செய்தியோ அதில் இல்லை. இதை அறிந்த ஒருவன், நம்மேல் நல்லெண்ணம் இல்லாதவன், அம்மாணவனின் ஏட்டைக் கையில் எடுத்தால் என்ன செய்வான்? 'பட்டினப்பாலையில் இல்லாததைப் பட்டினப்பாலையின் பெயரால் எழுதியிருக்கிறார்கள். இவர்கள் வரலாறே இப்படிப்பட்டதுதான்' என்பான். ஒரு பிழையான மேற்கோளால் ஒரு மன்னன் புகழ் முழுதும் ஐயத்துக்குள்ளாகும். இழப்பு அம்மாணவனுக்கு மட்டுமா?

உண்மையான சான்றுகளோ வேறிடத்தில் இருக்கின்றன, அவை வலியன. கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்த செய்தியை, இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு தன் வடமொழிப் பகுதியில் கூறுகின்றது. அச்செப்பேடு தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் 205-ஆம் எண்ணில் அச்சாகியிருக்கின்றது. அதற்கும் முன்னரே, ஆந்திர நாட்டுக் கடப்பைப் பகுதியில் ஆண்ட இரேநாட்டுச் சோழருள் புண்ணியகுமாரன் என்பான் வெளியிட்ட மாலேபாட்டுச் செப்பேடு, தம் குலமுதல்வனாகக் கரிகாலனைக் கூறிக் காவிரியின் கரைபுரளும் வெள்ளத்தைத் தடுத்தவன் அவன் என்று பாராட்டுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலும் காவிரிக்குக் கரைகண்ட இச்செய்தி இடம் பெறுகின்றது.

இத்துணை வலிய சான்றுகளை வைத்துக்கொண்டு, இல்லாத சான்றைச் சுட்டுவது பேதைமையன்றோ? இன்னும் ஒன்று. இச்சான்றுகள் அனைத்தும் கூறுவது கரையைப் பற்றியே. கரை எடுத்தான் என்பது சான்றால் வரும் செய்தி. கல்லணையும் அவன் எழுப்பியதே என்பது அச்சான்றின்மேல் நாம் செய்யும் உய்த்துணர்வும், வழிவழி வந்த நாட்டு வழக்கும். இரண்டையும் வேறுபிரித்து எழுதுபவனை எந்தப் பகைவனும் வீழ்த்த முடியாது. கலந்து எழுதுபவனை ஒரு சிறுவனும் வீழ்த்துவான். மேற்கோள் காட்டும் முறை என்பது இவ்வேறுபாட்டைக் காக்கும் வேலியேயன்றி வேறன்று.

அதே கரிகாலன் செய்தியில் இன்னொரு பிழையும் உலவுகின்றது. காவிரிக்கரைப் பணிக்குப் பன்னீராயிரம் ஈழத்தவர் சிறைகொண்டு வரப்பட்டனர் என்று எழுதி, 'மகாவமிசம்' என்று அடியிற் குறிப்பர். அச்செய்தி மகாவமிசத்தில் இல்லை. பிற்காலத்துச் சிங்கள நூலாகிய இராசாவளியவில் வருவது அது. ஒருவர் பிழையாக எழுதினார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். அவரைப் பார்த்துப் பதின்மர் எழுதினர். பதின்மரும் மகாவமிசத்தைத் திறந்தும் பார்த்திலர். ஆனால் பதின்மர் ஏட்டின் துணைநூற் பட்டியலிலும் மகாவமிசம் வீற்றிருக்கும்! படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டுவது பொய்ச்சான்று. அறமன்றத்தில் பொய்ச்சான்று கூறுபவனுக்கு ஒறுப்புண்டு. ஆய்வுமன்றத்தில் அதற்கு என்ன உண்டு?

நம் உழவனுக்குத் தலைமடையும் தெரியும், கடைமடையும் தெரியும். உய்யக்கொண்டான் வாய்க்காலில் தன் வயலுக்கு வரும் நீர் எந்த மதகு வழியாக, எத்தனை கண்ணாறு கடந்து வருகின்றது என்பதை அவன் உறக்கத்திலும் சொல்வான். நீர் கலங்கி வந்தால் எங்கே கலங்கியது என்று வரப்போரமாக நடந்து மேலே போய்ப் பார்ப்பான். அவ்வுழவனின் மகன் ஆய்வாளன் ஆனபின், கடைமடையில் நின்று கையில் கிடைத்த கலங்கல் நீரை அப்படியே மொண்டு ஏட்டில் ஊற்றுகின்றானே, இஃது என்ன மாற்றம்? ஒரு கருத்தைக் கண்டவுடன், 'இதன் தலைமடை எது?' என்று கேட்டு, மூலநூல் வரை நடந்து சென்று கண்ணால் கண்டு எழுதுபவனே ஆய்வாளன். செல்ல இயலாதபோது, 'இன்னார் நூலில் எடுத்துக் காட்டப்பட்டது' என்று நேர்மையாக எழுதுபவனும் ஆய்வாளனே. இவ்விரண்டும் செய்யாதவன் படியெடுப்பவன்.

'அடிக்குறிப்பும் மேற்கோளும் மேலைநாட்டார் வழக்கங்கள். அவை நமக்கு எதற்கு?' என்று கேட்பாரும் நம்மிடையே உளர். தமிழ்மரபை அறியாதார் கூற்று இது. தமிழின் முதல் இலக்கணமாக நம் கைக்குக் கிடைத்திருக்கும் தொல்காப்பியத்தைத் திறந்தால், நூற்பாவுக்கு நூற்பா 'என்ப', 'மொழிப', 'என்மனார் புலவர்' என்ற ஒலி கேட்கின்றது. தமக்கு முன்னிருந்த புலவர் கண்டதைத் தாம் கண்டதாகக் கூற அப்பேராசான் மனம் ஒப்பவில்லை. முதல்நூல் இன்னது, வழிநூல் இன்னது என்று வகுத்து, வழிநூலும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படும் என்று மரபியலில் கூறியவரும் அவரே. ஒரு நூல் எதன் வழி வந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டளை இவ்வகுப்பினுள் அடங்கிக் கிடக்கின்றது. முன்னோர் கூறிய பொருளை மட்டுமன்றி அவர் சொல்லையும் போற்றிக் காக்கும் கடப்பாட்டை நன்னூலாரும் வலியுறுத்தினார். அடிக்குறிப்பின் அச்சு வடிவம் வேண்டுமானால் மேலையது. அதன் உயிர் நம்முடையது.

நம் உரையாசிரியர்கள் இவ்வுயிரைப் பேணிய முறையைப் பாருங்கள். சிலப்பதிகாரத்துக்கு உரைவகுத்த அடியார்க்குநல்லார், இசைக்கும் கூத்துக்கும் தாம் துணையாகக் கொண்ட நூல்களைப் பெயர் சொல்லிக் குறித்தார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்பன அவை. அவர் வாய்மூடியிருந்தால் அந்நூல்கள் தமிழில் இருந்தன என்பதே நமக்குத் தெரிந்திராது. அவற்றுள் பஞ்சமரபு ஏட்டுச்சுவடியிலிருந்து 1970-களில் அச்சேறியபோது, 'இது பின்னாளில் எவரோ புனைந்தது' என்று எளிதில் தள்ளிவிட முடியாமல் செய்தது எது? பல நூற்றாண்டுகட்கு முன் அடியார்க்குநல்லார் காட்டிய மேற்கோளே அன்றோ!

வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழுமையாக இல்லை. உரைகளிலும் தொகைகளிலும் மேற்கோளாக வந்த செய்யுள்களாலேயே அவை பெயரளவிலேனும் உயிர் வாழ்கின்றன. தகடூர் யாத்திரையின் நிலையும் அதுவே. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு நூலே தொகுத்தளித்தார். அழிந்த நூல்களைப் பற்றி ஒரு நூல் எழுத முடிந்தது எப்படி? பழைய உரைகாரர் தாம் படித்ததைப் பெயர் சொல்லிக் காட்டியதனால். ஆகலின், மேற்கோள் காட்டுவது முன்னோர்க்கு நாம் செலுத்தும் நன்றி மட்டுமன்று. கடல்கோளுக்கும் கறையானுக்கும் எதிரே பின்னோர்க்கு நாம் கட்டும் கரையுமாம்.

பெயர் சொல்லாமல் விட்டதனால் நேர்ந்த துன்பத்துக்கும் நம் மரபிலேயே எடுத்துக்காட்டு உண்டு. திரிசிரபுரம் பெரும்புலவர் எனத் திருச்சிராப்பள்ளியின் பெயரால் விளங்கிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே. சாமிநாதையர். அவர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, நச்சினார்க்கினியர் உரையோடு பட்ட பாட்டைத் தம் 'என் சரித்திரம்' நூலில் விரித்துரைக்கின்றார். நச்சினார்க்கினியர் எண்ணிறந்த அடிகளை மேற்கோளாக எடுத்துக் காட்டுவார். எந்த நூலில் உள்ளவை என்று கூறாமல், 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார். அந்தப் 'பிறர்' யார்? தெரியாமல் திகைத்தார் ஐயர். பின்னர் ஏட்டுச் சுவடிகளில் சங்கத் தொகைநூல்களைத் தேடிப் படித்தபோதுதான், அம்மேற்கோள்கள் அவற்றின் அடிகள் என்பது விளங்கிற்று. 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது.

இதில் இரண்டு பாடங்கள் உள. நச்சினார்க்கினியர் காலத்து மாணவர்க்கு அந்நூல்கள் மனப்பாடமாக இருந்தன. 'பிறரும்' என்றால் அவர்க்குப் போதும். நாளை நம் நூல்களும் இன்று போல் எல்லார்க்கும் தெரிந்தவையாக இரா என்பதை எழுதுவோன் எண்ணிப் பார்க்கவேண்டும். இது முதற்பாடம். மேற்கோளின் தலைமடையைத் தேடிச் சென்ற ஒருவர் புதையுண்ட சங்க இலக்கியத்தையே கண்டெடுக்க அத்தேடல் ஒரு வழியாயிற்று என்பது இரண்டாம் பாடம். இவ்வளவு துன்புற்ற ஐயர், தம் பதிப்புகளின் முகவுரையில் எந்தச் சுவடி எந்த ஊரில் எவரிடமிருந்து கிடைத்தது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். மெய்யான ஆய்வுக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் நம் மாணவர்க்கு வேண்டுவதில்லை.

இனித் திருவரங்கத்துக்கு வருவோம். ஏழு திருச்சுற்றுகள் சூழ்ந்த அக்கோயிலின் சுவர்களில் சோழர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார் எனப் பல அரசமரபினரின் கல்வெட்டுகள் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதி முழுவதும் இவ்வொரு கோயிலுக்கே உரியது. 600-க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் அதில் அச்சாகியுள்ளன. இக்கடலிலிருந்து ஒரு செய்தியை எடுத்துவிட்டு, 'திருவரங்கக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது' என்று எழுதினால் எவர் அதைச் சரிபார்ப்பது? கடலில் ஒரு துளியைக் காட்டி 'அங்கே' என்பது போன்றதன்றோ அது? தொகுதி எண், கல்வெட்டு எண், மன்னன் பெயர், ஆட்சியாண்டு, கல்வெட்டுள்ள திருச்சுற்று ஆகியவற்றைக் குறிப்பதற்கு ஒன்றரை வரி போதும். அந்த ஒன்றரை வரியில்தான் அவ்வாய்வின் மானம் அடங்கியிருக்கின்றது.

ஆண்டறிக்கை எண்ணும் தொகுதி எண்ணும் வெவ்வேறு என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். ஒரு கல்வெட்டு படியெடுக்கப்பட்ட ஆண்டில் அதற்கு ஓர் எண் இடப்படும். பின்னாளில் முழுப்பாடமும் அச்சாகும்போது வேறோர் எண் அமையும். முன்னதில் இருப்பது பெரும்பாலும் சுருக்கக் குறிப்பே. சுருக்கத்தை மட்டும் பார்த்தவன், கல்வெட்டையே படித்ததுபோல் எழுதுதல் கூடாது. சுவரில் தானே நேரில் படித்தவனாயின், அதையும் நாளிட்டுச் சொல்லலாம். அதைவிடப் பெருமை ஏது?

அக்கோயிலைப் பற்றிக் 'கோயிலொழுகு' என்று ஒரு பழைய வரலாற்றேடும் உண்டு. கோயில் நடைமுறைகளையும் திருப்பணிகளையும் பல காலத்தில் பலர் எழுதிச் சேர்த்த நூல் அது. மணலில் புதையுண்ட கோயிலைக் கிளியின் வாய்ச்சொல் கேட்டுக் கண்டெடுத்த கிளிச்சோழன் கதையும் அதில் உண்டு. கல்வெட்டுகளோடு ஒத்துவரும் செய்திகளும் உண்டு. வரலாற்றாசிரியர் வி.என். அரிராவ் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுக் குறிப்பும் எழுதினார். நம் மாணவரோ, ஒழுகு கூறுவதையும் கல்வெட்டு கூறுவதையும் ஒரே மூச்சில், ஒரே மதிப்பில் எழுதிச் செல்கின்றனர். கதையைக் கதை என்றும், கல்லைக் கல் என்றும் சொல்லி எழுதினால் இரண்டுக்கும் பெருமை. சான்றின் பெயரைச் சொல்வது போலவே, சான்றின் தரத்தைச் சொல்வதும் மேற்கோள் முறையின் பகுதியாகும்.

தமிழில் ஆய்வு எழுதுவார்க்கெனச் சில தனி நெறிகளும் வேண்டும். மேலைநாட்டு முறைநூல்கள் அவர்தம் பெயரமைப்பையும் நூலமைப்பையும் கருதி எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் இடர் வரும்.

முதலாவது, பெயர். மேலையார் குடிப்பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னுமாக மாற்றி எழுதுவர். நமக்குக் குடிப்பெயர் இல்லை. முன்னெழுத்தாக நிற்பது தந்தை பெயரும் ஊர்ப் பெயரும். எனவே 'சாமிநாதையர், உ.வே.' என்று இயற்பெயரால் வரிசைப்படுத்துவதே முறை. தந்தையின் பெயரைக் குடிப்பெயராகக் கருதி மகனின் நூலைத் தந்தையின் பெயரில் ஏற்றும் வேடிக்கை ஆங்கில ஆய்விதழ்களில் இன்றும் நடக்கின்றது. ஒருவரே இரு பெயரில் எழுதியதும் உண்டு. 1916-க்கு முன் வேதாசலம் என எழுதியவரும் பின் மறைமலையடிகள் என எழுதியவரும் ஒருவரே. நூலின் முகப்பில் உள்ள பெயரை எழுதி, மற்றதையும் உடன் குறித்தல் நன்று.

இரண்டாவது, பதிப்பு. 'தொல்காப்பியம், பொருளதிகாரம், நூற்பா இத்தனை' என்று மட்டும் எழுதுவது போதாது. இளம்பூரணர் நூற்பாவைப் பிரித்த முறை வேறு, நச்சினார்க்கினியர் பிரித்த முறை வேறு, எண்ணும் வேறாகும். எவர் உரைவழி, எந்தப் பதிப்பு என்று கூறுதல் வேண்டும். குறளிலும் மணக்குடவர் வரிசையும் பரிமேலழகர் வரிசையும் ஒன்றல்ல. பாட வேறுபாடு உள்ள இடத்தில், தன் கருத்துக்கு இசைந்த பாடத்தை மட்டும் காட்டி மற்றதை மறைப்பதும் ஒருவகைக் களவே.

மூன்றாவது, குறியீடு. 'மேலது', 'ப.', 'பக்.' என்று நல்ல தமிழ்க் குறியீடுகள் நம் ஆய்வேடுகளில் வழக்கூன்றிவிட்டன. அவற்றையே ஏடு முழுதும் ஒரே சீராக ஆள்க. ஓரியலில் ஒரு முறை, மற்றோரியலில் மற்றொரு முறை என்றிருப்பின், வெவ்வேறு ஏடுகளிலிருந்து வெட்டி ஒட்டியதென்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, சொல்லும் கருத்தும். பிறர் சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோட்குறி வேண்டும். கருத்தை மட்டும் எடுத்துத் தன் நடையில் எழுதினால் மேற்கோட்குறி வேண்டா. ஆனால் பெயர் வேண்டும். இரண்டாவதில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர். நான்கு சொற்களை மாற்றிவிட்டால் கருத்துத் தமதாகிவிடும் என்று எண்ணுகின்றனர். மாட்டுக்கு வண்ணம் பூசினால் அது பூசியவன் மாடாகிவிடுமா?

இற்றை நாளில் இக்களவைப் பிடிக்கச் சட்டமும் வந்துள்ளது, பொறியும் வந்துள்ளது. பல்கலைக்கழக நல்கைக் குழு 2018-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரையாயின் ஒறுப்பில்லை. 10-க்கு மேல் 40 வரையாயின், திருத்திய ஏட்டை ஆறு திங்களுக்குள் மீண்டும் அளிக்கவேண்டும். 40-க்கு மேல் 60 வரையாயின் ஓராண்டு அளிக்க இயலாது. 60-க்கு மேற்பட்டால் ஆய்வுப் பதிவே நீங்கும். முறையாகச் சுட்டிய மேற்கோளும் துணைநூற் பட்டியலும் இக்கணக்கில் சேரா. நல்ல முயற்சியே. ஆனால் இதன் பயன் என்ன? 'ஒப்புமையை எப்படிப் பத்துக்குள் அடக்குவது' என்ற கணக்கே மாணவனின் கவலையாகிவிட்டது. அறம் விழுக்காட்டில் அளக்கப்படும் பண்டமாயிற்று!

பொறி தன்னிடம் ஏற்றப்பட்டதை மட்டுமே அறியும். 1950-களில் அச்சாகிய ஒரு தமிழ்நூல் கணிப்பொறியில் ஏறாதவரை, அதை முழுதும் படியெடுத்தாலும் பொறிக்குத் தெரியாது. ஒருங்குகுறியல்லாத பழைய எழுத்துருக்களில் உள்ள ஏடுகளும், ஒளிப்படமாக மட்டும் ஏற்றப்பட்டவையும் அதன் கண்ணுக்கு எழுத்தே அல்ல. ஆங்கிலத்தில் எழுதுபவன் பொறிக்கு அஞ்சுவான். தமிழில் எழுதுபவன் நெஞ்சுக்கு அஞ்சினால்தான் உண்டு. ஆகவே தமிழாய்வில் நேர்மை பொறியின் பொறுப்பன்று, மாந்தன் பொறுப்பு.

இப்பொழுதோ செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்து, கேட்டவுடன் கட்டுரை எழுதிக் கொடுக்கின்றது. கட்டுரையோடு துணைநூற் பட்டியலும் கேட்டால், எவரும் எழுதாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் பக்க எண்ணும் புனைந்து கொடுப்பதும் உண்டு. முன்பு படிக்காத நூலைக் காட்டினர். இனிப் பிறக்காத நூலைக் காட்டுவர் போலும்! கண்ணால் காணாத எந்த நூலையும் பட்டியலில் சேர்க்காதே என்ற ஒரே ஒரு கட்டளை இவ்விரு நோய்க்கும் மருந்தாகும்.

மாணவரை மட்டும் குறை கூறி முடித்தல் முறையன்று. மேற்பார்வை செய்யும் பேராசிரியர் அடிக்குறிப்புகளுள் பத்தையேனும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா? வாய்மொழித் தேர்வில், 'இந்த நூலை எங்கே படித்தாய்? அந்தப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?' என்று ஒருவரேனும் கேட்டாரா? கல்லூரிகளைச் சுற்றியுள்ள ஒளிப்படிக் கடைகளில் ஆய்வேடு விலைக்குக் கிடைக்கும் என்றால், அதை வாங்குபவனைவிட, வாங்கியதை வாங்கியது என்று அறிய முடியாத ஆசிரியரே மிகுதியும் நாணவேண்டும்.

நம்மவரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். மேடையேறியவுடன், இந்தியக் கல்வெட்டுகளில் தமிழ்க் கல்வெட்டுகள் இத்தனை விழுக்காடு என்று முழங்குவோம்; ஒருவர் கூறும் எண் மற்றவர் கூறும் எண்ணோடு ஒத்திராது; இரண்டுக்கும் சான்று கேட்டால் விடையிராது. 'பாவாணர் கூறினார்' என்போம். எந்நூல், எப்பக்கம் என்னோம். திருச்சிராப்பள்ளியில் ஆசிரியப் பணி செய்துகொண்டே, 1940-இல் ஒப்பியன் மொழிநூலை வெளியிட்டவர் அப்பெருமகனார். ஒவ்வொரு சொல்லுக்கும் வேரும் வழக்கும் காட்டி எழுதுவதற்கே வாழ்நாளைச் செலவிட்டவரின் பெயரை, வேரும் வழக்கும் காட்டாத கூற்றுகளுக்கு முத்திரையாகக் குத்துவது அவர்க்கு நாம் செய்யும் பெருமையாகாது. அவர் கூறாததை அவர் மேல் ஏற்றுபவனும், அவர் கூறியதைத் தன் பெயரில் விற்பவனும் ஒரே தட்டில் நிறுக்கத் தக்கவரே.

'ஏழை மாணவனுக்கு நூல் எங்கே கிடைக்கும்?' என்ற வினா ஒரு காலத்தில் முறையானதே. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழம்பதிப்புகள் பல விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. கல்வெட்டுத் தொகுதிகள் பலவும் இணையத்தில் உள்ளன. திருவரங்கக் கல்வெட்டோ, அம்மதிலருகே நின்றால் கண்ணெதிரே இருக்கின்றது. பேருந்துக் கட்டணம் ஒன்றே செலவு. இனி வறுமையைக் காட்டித் தப்புவதற்கில்லை. சோம்பலை வறுமை என்று பெயரிட்டு அழைப்பதற்கும் இல்லை.

தமிழ் மாணவத் தம்பியரே, தங்கையரே! உங்கள் ஏட்டில் நூறு மேற்கோள் வேண்டா, பத்துப் போதும். ஆனால் அப்பத்தும் நீங்கள் கண்ணால் கண்டவையாக, பக்கம் பிசகாதவையாக, எவர் வந்து திறந்து பார்த்தாலும் நீங்கள் சொன்ன இடத்தில் நீங்கள் சொன்னபடியே இருப்பவையாக இருக்கட்டும். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், உய்த்துணர்ந்ததை உய்த்துணர்ந்தது என்றும், பிறர் கூறியதைப் பிறர் கூறியது என்றும் எழுதுங்கள். அவ்வாறு எழுதப்பட்ட பத்துப் பக்கம், சான்றற்ற ஆயிரம் பக்கத்தைவிடத் தமிழுக்கு அரணாகும்.

நாளை ஒருவன் நம் வரலாற்றை மறுக்க வருவான், வந்தே தீருவான். அன்று அவன் முன்னே நம் முழக்கம் நிற்காது. நீங்கள் இன்று எழுதும் அடிக்குறிப்பே நிற்கும். அதனைப் பிழையற எழுதுங்கள்!